கைப்பக்குவமும் அச்செழுத்தும்

சமையல் நூலொன்றை விலை கொடுத்து வாங்குகிறவர் இரண்டு முறை செலவு செய்கிறார். நூலின் விலை முதற் செலவு. அதை நம்பி அடுப்பிலேற்றிய அரிசியும் பருப்பும் நெய்யும் இரண்டாவது செலவு. கவிதை நூலொன்று மனத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடலாம். சமையல் நூல் பிழைபட்டாலோ, வீட்டிலுள்ளோர் அனைவரும் அன்று அரை வயிற்றோடு எழுந்திருக்க நேரும். ஆதலின், பிற நூல்களை மதிப்பிடுவதைவிடச் சமையல் நூலை மதிப்பிடுவதில் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்பது நம் கருத்து.

மதுரைத் தமுக்கம் மைதானத்தில் நடைபெறும் புத்தகத் திருவிழாவில், சமையல் நூல்கள் அடுக்கிய பலகையின் முன்னே நின்று தயங்கும் தாய்மார்கள் பலர். அத்தகைய நூல்களுள் மூத்தவற்றில் ஒன்றும், இன்றளவும் பெயர் மங்காததுமாகிய நூல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. முதன்முதலாக 1951-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிராமணக் குடும்பத்துச் சைவச் சமையலைக் கூறும் இந்நூல், இறைச்சியும் மீனும் புழங்கும் முஸ்லிம் இல்லத்துக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு நியாயமான விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இந்த நூல் யாருக்குத் தேவைப்படுகிறது என்பதைக் காண்போம். மதுரை காளவாசல் வட்டாரத்திலும் அதையடுத்துத் தேனிச் சாலையோரம் பெருகியுள்ள புதிய குடியிருப்புகளிலும், உத்தமபாளையம், கம்பம் போன்ற ஊர்களிலிருந்து வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் உள்ளன. மாமியாரும் தாயும் ஊரில் இருக்கிறார்கள். மருமகள் இங்கே தனியாக அடுப்பின் முன் நிற்கிறாள். முன்பெல்லாம் ஒரு பெண் சமைக்கக் கற்றது மூத்தவர்களின் கைக்கு அருகே நின்றுதான். "இப்போது இறக்கு" என்ற ஒரு சொல்லில் பாடம் முடிந்துவிடும். அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லாத வீட்டில்தான் சமையல் நூலுக்கு வேலை பிறக்கிறது.

'சமைத்துப் பார்' பிறந்த கதையும் இதை ஒட்டியதே. மீனாட்சி அம்மையார் உணவு விடுதி நடத்தியவரல்லர். சமையற்கலையைக் கல்லூரியில் பயின்றவருமல்லர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தாங்கி நின்ற இல்லத்தரசி. அவருடைய கைப்பக்குவத்தை அறிந்த உறவினர்கள் இதைச் செய்வது எப்படி, அதைச் செய்வது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர், இவற்றையெல்லாம் நூலாகவே எழுதிவிடலாமே என்று தூண்டினார். கேட்டவர்களுக்குச் சொன்ன விடைகளிலிருந்து பிறந்த நூல் ஆதலால்தான், கேட்கிறவளின் திகைப்பை அது மறக்கவில்லை.

இந்நூலின் முதற் சிறப்பு அதன் ஒழுங்கு. ஒவ்வொரு பண்டத்துக்கும் வேண்டிய பொருள்கள் அளவோடு முன்னே வருகின்றன. செய்முறை வரிசையாகப் பின்னே வருகின்றது. இன்று எல்லா நூல்களும் இப்படித்தானே இருக்கின்றன என்று தோன்றலாம். ஆனால், "உப்பு வேண்டிய மட்டும், புளி கொஞ்சம், மிளகாய் காரத்துக்குத் தக்கபடி" என்று சொல்லிப் பழகிய நாவுகளிடமிருந்து 'இவ்வளவு' என்ற சொல்லைப் பெறுவது எத்தனை கடினம் என்பதை, தம் பாட்டியாரிடம் ஆணம் காய்ச்சும் முறையைக் கேட்டு எழுத முயன்ற எவரும் அறிவர். தம் கையே அளவுகோலாக வாழ்ந்த ஒரு பெண்மணி, அந்தக் கையை ஆழாக்காகவும் பலமாகவும் மாற்றி ஏட்டில் இறக்கி வைத்தது எளிய செயலன்று.

சமையலைப் பற்றி நூல் எழுதுவது முஸ்லிம்களுக்குப் புதிதுமன்று. பக்தாதில் முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதி 1226-ஆம் ஆண்டிலேயே 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலை எழுதினார். மனித இன்பங்களுள் உணவுக்கே முதலிடம் என்று அதில் அவர் வாதிடுகிறார். நம் நாட்டில் மாளவத்து மாண்டு நகரிலிருந்து ஆண்ட சுல்தான் கியாஸ் ஷாவின் அவையில் தொடங்கிய 'நிஃமத்நாமா' என்னும் ஓவியங்கள் நிறைந்த சமையற் சுவடி, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1500-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட அச்சுவடியில் சமோசாவுக்கே பல செய்முறைகள் உள்ளன. இவையெல்லாம் நாம் பெருமை கொள்ளத்தக்கவைதாம். எனினும், இவை அரண்மனைகளையும் செல்வர் மாளிகைகளையும் சார்ந்த நூல்கள். நாள்தோறும் அடுப்பூதிய பெண்களின் அறிவு அவற்றில் அவர்கள் பெயரால் இடம்பெறவில்லை. மீனாட்சி அம்மையாரின் நூலில் அது பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. அரண்மனைச் சுவடியை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். இல்லத்தரசியின் நூலை அடுக்களையில் வைக்கலாம்.

வீட்டுச் சமையல் நூலுக்கும் விடுதிச் சமையல் நூலுக்கும் உள்ள இடைவெளியை விளக்க, கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு உதவும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கேஜன் என்றொரு சமூகத்தார் வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் கனடாவின் கீழ்க்கரையில் அகேடியா என்னும் பகுதியில் குடியிருந்த பிரெஞ்சு மக்கள். 1755 முதல் ஆங்கிலேய ஆட்சியினர் அவர்களைக் குடும்பம் குடும்பமாக அங்கிருந்து வெளியேற்றினர். அலைந்து திரிந்தவர்களில் பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து தங்கினர். 1921-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று விதித்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் வகுப்பறையில் தண்டிக்கப்பட்டார்கள். மொழி நாளடைவில் மெலிந்தது, அடுக்களை மெலியவில்லை. சோறும் இறாலும் வெண்டைக்காயும் சேர்ந்த 'கம்போ' என்னும் குழம்பு இன்றும் அவர்களுடைய அடையாளமாக விளங்குகிறது. அதன் பெயரே ஆப்பிரிக்க மொழியொன்றில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

இவர்களுள் ஒருவரான பால் புருதோம் என்னும் புகழ்பெற்ற விடுதிச் சமையற்காரர் 1984-ல் தம் சமையல் நூலை வெளியிட்டார். நாடெங்கும் கேஜன் உணவு மோகம் பரவியது. மசாலா பூசி, காய்ந்த இரும்புச் சட்டியில் கருக வாட்டும் அவருடைய மீன் உணவுக்காக ஒருவகை மீன் அளவின்றிப் பிடிக்கப்பட்டு, 1980-களின் பிற்பகுதியில் அதைப் பிடிப்பதற்கே கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சட்டியை அவ்வளவு சூடாக்கினால் வீட்டு அடுக்களை முழுவதும் புகை மண்டிவிடும். விடுதியில் புகை போக வழியிருக்கிறது. உதவிக்கு ஆளும் இருக்கிறது. இதற்கு மாறாக, மார்செல் பியன்வென்யூ என்னும் அம்மையார் 1991-ல் தம் குடும்பத்துச் சமையலை ஒட்டி ஒரு நூல் எழுதினார். உன் தாய் யார், நீ கத்தோலிக்க மதத்தவளா, உனக்கு 'ரூ' கிளறத் தெரியுமா என்னும் மூன்று கேள்விகளே அந்த நூலின் தலைப்பு. 'ரூ' என்பது மாவைக் கொழுப்பிலிட்டுக் கிளறிக் கிளறி வறுப்பது. பொன்னிறத்தில் நிறுத்தினால் ஒரு சுவை. கரும்பழுப்பு வரை கொண்டு போனால் வேறொரு சுவை. ஒரு நொடி தவறினால் கருகல். குடும்பம், சமயம், கைப்பக்குவம் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கும் அந்தத் தலைப்பு, எந்தச் சமூகத்தின் அடுக்களைக்கும் பொருந்தும்.

இத்தகைய கேஜன் நூலை நம் வீட்டில் ஒருவர் வாங்கலாமா? அதில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சிகள் பல பண்டங்களில் அடிப்படைச் சரக்காக வரும். அவற்றை நீக்கிக் கோழியும் இறாலும் இட்டுச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். மாற்றிச் சமைக்கும் திறமை வருவதற்கு முன்னே சமைக்கும் திறமை வர வேண்டும். ஆகவே, புதிதாகக் கற்பவளுக்கு அந்நூல் ஏற்றதன்று. 'சமைத்துப் பார்' நூலிலோ ஹலாலைப் பற்றிய ஐயத்துக்கே இடமில்லை. பருப்பும் புளியும் காய்கறியும் மோரும் யார் வீட்டிலும் கூடும். நாள்தோறும் இறைச்சி சமைக்கும் இல்லம் நம்மிடையே எத்தனை? வாரத்தில் பல நாள் ரசமும் பொரியலும் புளிக்குழம்பும் வைத்தே நாம் காலம் தள்ளுகிறோம். அந்த நாள்களுக்கு இந்நூல் துணை நிற்கும். வடாம், ஊறுகாய், பலகாரங்கள் பற்றிய பகுதிகளும் அவ்வாறே.

நிற்க. குறைகளையும் கூறாவிட்டால் இது மதிப்புரையாகாது, விளம்பரமாகிவிடும்.

முதற் குறை, அளவுகளைப் பற்றியது. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததே 1956-ல்தான். அதற்கு ஐந்தாண்டு முன்பே எழுதப்பட்ட நூல் ஆதலால், அக்கால அளவுகளிலேயே அது எழுந்தது. பழைய பதிப்பு கைக்கு வந்தால், ஒரு பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம், ஒரு ரூபாய் எடை என்பது ஏறத்தாழ 12 கிராம், ஓர் ஆழாக்கு என்பது ஏறத்தாழ 200 மில்லி என்று அட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. புதிய பதிப்பு வாங்குவோர் அளவுகள் மாற்றப்பட்டுள்ளனவா என்று புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, சொல் வழக்கு. அம்மையாரின் வீட்டில் 'கறி' என்றால் காய்கறியைப் பக்குவம் செய்தது. நம் வீட்டில் 'கறி' என்றால் இறைச்சி. வாழைக்காய்க் கறி என்ற தலைப்பைக் கண்டு நம் வீட்டுச் சிறுமி, வாழைக்காயும் ஆட்டிறைச்சியும் சேர்த்த பண்டம் போலும் என்று எண்ணினால் அவளைக் குறை கூற முடியாது. நாம் 'ஆணம்' என்பதை அவர் 'குழம்பு' என்பார். தமிழ் ஒன்றே, அடுக்களைதோறும் அகராதி வேறு. இதை நூலின் குற்றமாகச் சொல்லவில்லை. வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகச் சொல்கிறோம்.

மூன்றாவது குறையே பெரியது. அளவு எழுத்துக்குள் அடங்கும். பக்குவம் எளிதில் அடங்காது. காளவாசல் என்ற சொல்லுக்குச் சூளை என்று பொருள். சூளைக்காரர் நெருப்பின் நிறத்தையும் புகையின் போக்கையும் பார்த்தே கல் வெந்துவிட்டதா என்று அறிவார். அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்கும் அத்தகைய கண் வேண்டும். தமிழில் இதற்கென்றே அருமையான சொற்கள் உள்ளன. சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்கிறோம். மசாலாவுக்குப் பச்சை வாடை போவது, எண்ணெய் பிரிந்து மேலே தெளிவது என்கிறோம். எந்தச் செய்முறையில் இத்தகைய அடையாளம் சொல்லப்பட்டிருக்கிறதோ, அதைப் புதியவள் நம்பிச் செய்யலாம். எங்கே அளவும் வரிசையும் மட்டும் இருக்கின்றனவோ, அங்கே முதல் இரண்டு முறை தடுமாறத்தான் வேண்டும். இந்த அளவுகோலை 'சமைத்துப் பார்' நூலுக்கு மட்டுமன்றி, வாங்க நினைக்கும் எந்தச் சமையல் நூலுக்கும் வைத்துப் பார்க்கலாம். கடையில் நின்றபடியே, நமக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு பண்டத்தின் பக்கத்தைப் புரட்டிப் படியுங்கள். இறக்கும் வேளையை அந்நூல் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், தெரியாத பண்டங்களிலும் அந்நூலை நம்பலாம்.

கைப்பேசியில் காணொளி கோடிக்கணக்கில் கிடைக்கும் காலத்தில் நூல் எதற்கு என்பாரும் உளர். காணொளியில் எண்ணெய் பிரிவதைக் கண்ணாலேயே காணலாம். அந்த வகையில் அது நூலை வென்றுவிட்டது. ஆனால், இன்று பார்த்த காணொளியை அடுத்த பெருநாளுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது யாராலும் இயலாத காரியமாக இருக்கிறது. அதன் ஓரத்தில், "நம் வீட்டுக்கு மிளகாய் பாதி போதும்" என்று குறிப்பெழுதவும் முடியாது. மஞ்சள் கறை படிந்து, ஓரங்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்து, தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் நூலை ஒரு வீட்டின் சொத்தாகவே கருதலாம்.

இனி, நம்மைப் பற்றிய செய்திக்கு வருவோம். இந்நூலைப் புரட்டும்போது நெஞ்சில் எழும் ஏக்கம் ஒன்று உண்டு. சீரகச் சம்பா பிரியாணியும், எலும்பும் கத்தரிக்காயும் இட்ட தால்சாவும், நோன்புக் கஞ்சியும், வட்டிலப்பமும் இத்தகைய ஒழுங்கோடு எழுதப்பட்டு வீடுதோறும் இருக்கின்றனவா? முயற்சியே இல்லையென்று சொல்லிவிட முடியாது. அண்டை மாநிலத்தில் கோழிக்கோட்டு உம்மி அப்துல்லா அம்மையார் மலபார் முஸ்லிம் சமையலை நூலாக்கி அழியாப் பெயர் பெற்றார். நம்மிடையே ஹஸீனா செய்யத் அம்மையார் ராவுத்தர் சமையலை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டுள்ளார். தமிழிலும் முஸ்லிம் வீட்டுச் சமையல் என்ற பெயரில் சிறு நூல்கள் விற்கப்படுகின்றன. ஆயினும், உத்தமபாளையத்து வீட்டின் ஆணமும் காயல்பட்டினத்து வீட்டின் ஆணமும் ஒன்றல்ல. ஊருக்கு ஊர், ஏன், வீட்டுக்கு வீடு வேறுபடும் பக்குவம் ஒன்றிரண்டு நூல்களில் அடங்கிவிடாது.

பழைய அரிசிக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும், புதிய அரிசிக்குக் குறைவாக வேண்டும் என்பதை நம் மூத்தவர்கள் அரிசியைக் கையிலெடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்தக் கை ஓய்ந்துவிட்டால் அந்த அறிவும் போய்விடும். ஒரு குடும்பத்தில் மூத்த பெண்மணி மவுத்தான பின், "அவர் வைப்பது போல் யாருக்கும் வரவில்லை" என்று பெருநாளன்று கூறுவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அதை அன்பின் வெளிப்பாடாக மட்டும் எண்ணிவிடுகிறோம். எழுதி வைக்காமல் விட்ட நம் அசட்டையும் அதில் கலந்திருக்கிறது. நம் பெண்களுக்கு எழுத வராது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' நாவலை 1938-லேயே எழுதி வெளியிட்டவர். 'சமைத்துப் பார்' வெளிவருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அது.

ஆகவே, நம் தீர்ப்பு இதுதான். மணமாகித் தனிக்குடித்தனம் வைக்கும் பெண்ணுக்கு, அருகில் மூத்தவர்கள் இல்லையென்றால், 'சமைத்துப் பார்' முதற் பாகத்தைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். கொடுத்த விலை வீணாகாது. பிற்பாகங்களில் வரும் பண்டிகைகளும் சடங்குகளும் சார்ந்த பகுதிகள் நமக்குப் பயன்படமாட்டா. அவற்றை நூலகத்தில் பெற்றுப் பார்த்தாலே போதும். தமிழ் படிக்க வராமல் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, 2001-ல் பென்குவின் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு உண்டு. இருபது ஆண்டுகளாகச் சமைத்துக் கைதேர்ந்தவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை.

அவர்கள் வாங்க வேண்டியது ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம். மூத்தவர் சமைக்கும்போது அருகில் ஒரு சிறு தராசை வைத்துக்கொள்ளுங்கள். உப்புச் சாடியை அவர் எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் நிறுத்துப் பார்த்தால், அவர் கை அள்ளிய அளவு தெரிந்துவிடும். அவரைக் கேள்வி கேட்டுத் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து இறக்கும்போது மட்டும், "எதைப் பார்த்து இறக்குகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, அவர் சொல்லும் விடையை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மீனாட்சி அம்மையாரின் உறவினர்கள் கேட்டார்கள், அவர் எழுதினார். நம் வீட்டில் கேட்கப்பட வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.